மல்வேர்னில் மூச்சு முட்டிய ஃபர்னஸ்

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளுக்கொரு கதை சொல்லக்கூடாது. நான். புது முழங்காலோடு கட்டிலில் கிடந்த என் தங்கை ராணி. இரவு வேலை முடித்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் நின்ற அவளுடைய கணவர் யோகநாதன், எனக்கு மச்சான், அவருக்கு நானும் மச்சான். பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் தாயைப் பார்க்க நின்றுவிட்ட அவர்களுடைய மகள் அபி. ஐந்தாவது ஆள், கறுப்பு ஜக்கெற் போட்டு, கையில் ஒரு தட்டைக் கணினியோடு கதவைத் தட்டி வந்த மனிதர். வேறு ஒருவரும் இல்லை. சாமிப்படங்களைச் சேர்த்தால் ஒன்பது.

அந்த மனிதர் பேஸ்மென்றுக்கு, நிலத்துக்குக் கீழே இருக்கும் அறைக்கு, இறங்கிப் போய்ச் சற்று நேரத்தில் மேலே வந்தார். வீட்டுக்குச் சூடு தருகிற ஃபர்னஸின் உள்தகடு வெடித்துவிட்டது என்றார். காஸை மூடிவிட்டேன், சிவப்பு அட்டை கட்டிவிட்டேன், இனி ஒருவரும் தொடக்கூடாது என்றார். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. பின்னேரத்துக்குள் புதியது பூட்டித் தருவார்களாம். இன்றைக்கு ஒரு சதமும் வேண்டாமாம். மாதாமாதம் கட்டினால் போதும், பத்து வருடத்துக்கு. இதில் விரலால் ஒரு கையெழுத்து.

மச்சானின் விரல் கண்ணாடிக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. அந்த ஓர் அங்குலத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முந்திய நாட்களைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

முதலில் என்னைப் பற்றி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். முப்பது வருடம் நெல்லியடியிலிருந்து வான் ஓடினேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் படலைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். பயணிகளை ஏற்றி வைத்துக்கொண்டே இறங்கிப் போய் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டேனா என்று பார்ப்பேன். பயந்தாங்கொள்ளி என்று ஊரில் பெயர். இருக்கட்டும். முப்பது வருடத்தில் ஒரு கோழிகூட என் சில்லுக்குள் அகப்படவில்லை. பயமில்லாதவர்கள் ஓடிய வான்கள் எந்தெந்த மதகடியில் கிடந்தன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ராணிக்கு முழங்கால் மாற்றப் போகிறார்கள், மச்சானுக்கு லீவு இல்லை, கூட நிற்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். தை மாதக் கடைசியில் ரொறன்ரோவில் போய் இறங்கினேன். விமான நிலையத்தில் மச்சானுடைய காரின் கதவுப் பிடியை வெறுங்கையால் பிடித்தேன். கடித்தது. உண்மையாகவே கடித்தது. அதே குளிரில்தான் என் பெட்டியும் நின்றது, அதன் தோல்பிடி கடிக்கவில்லை. ஏன் என்று மச்சானைக் கேட்டேன்.

"மச்சான், முதல்ல கார்ல ஏறு. உதெல்லாம் இஞ்ச ஒருத்தரும் யோசிக்கிறேல்லை."

அவர்களுடைய வீடு ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கம். தோளோடு தோள் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. உள்ளே போனவுடன் நிலத்தில் ஒரு துவாரத்தைக் கண்டேன். சோற்றுத்தட்டு அளவு, மேலே இரும்புக் கம்பி. அதிலிருந்து சூடான காற்று எழும்பியது. குளித்துச் சாரம் கட்டிக்கொண்டு அதன்மேல் போய் நின்றேன். சாரம் கூடாரம்போல விரிந்தது. அபி "ஓ மை கோட், மாமா!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். நான் இறங்கவில்லை. இருபது மணித்தியாலம் விமானத்தில் முடங்கிக் கிடந்தவனுக்கு அவ்வளவு உரிமை உண்டு.

எங்கள் பக்கத்தில் சூட்டை வெளியே அனுப்பத்தான் வீடு கட்டுகிறோம். யன்னல், ஓட்டு இடுக்கு, கதவுக்கு மேலே பூவேலைத் துவாரம், எல்லாம் அதற்குத்தான். இங்கே சூட்டை விலைக்கு வாங்கிப் பிளாஸ்ரிக் தாளால் யன்னலை ஒட்டிக் காவல் காக்கிறார்கள். மச்சான் மாத பில்லைக் காட்டினார். வெயிலுக்கு இதுவரை ஒருவரும் எனக்குப் பில் அனுப்பியதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் என்னால் படுக்க முடியாது. பேஸ்மென்றுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அலமாரி உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. தலையிலிருந்து தகரக் குழாய்கள் கிளைவிட்டு வீடெல்லாம் ஓடின. சின்னக் கண்ணாடிக்குள்ளே நீல நெருப்பு. மச்சான் விளக்கினார்.

"நெருப்பு இந்தத் தகட்டுக் குழாய்க்குள்ள ஓடும். வெளிப்பக்கத்தால காத்து ஓடும். தகடு சுட, காத்துச் சுடும். சுட்ட காத்தை ஃபான் மேல தள்ளும். நெருப்பின்ர புகை வேற வழியால வெளிய போயிடும். ரெண்டும் ஒண்டையொண்டு தொடாது."

"இடையில என்ன கிடக்கு?"

"தகடுதான்."

"எவ்வளவு தடிப்பு?"

"நீ என்னையும் நித்திரை கொள்ள விடமாட்டாய் போல கிடக்கே!"

ஒரு தகடு. அந்தப் பக்கம் சாவு, இந்தப் பக்கம் சூடு. அதற்கு மேலேதான் இந்த நகரம் முழுக்கப் படுத்துக் குறட்டை விடுகிறது. என்னைப் பயந்தவன் என்கிறார்கள்.

மறுநாள் ராணிக்குச் சத்திரசிகிச்சை. மச்சான் விளைமீன் குழம்பு வைத்தார். தாளிக்கும் சத்தம் கேட்டதுமே அபி மாடியிலிருந்து "ஜக்கெற்!" என்று கத்திக்கொண்டு வந்தாள். தன் குளிரங்கியைப் பெரிய பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தாள். தீ பிடித்த வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்குகிற வேகம்.

"என்ன பிள்ளை, குழம்பு என்ன கடிக்குமோ?"

"மாமா, கீழ சமைச்சா ஸ்மெல் எல்லா ரூமுக்கும் வரும். எயார் சுத்திக்கொண்டே இருக்கும். ஹைஸ்கூல்ல ஒருத்தி என்ர ஜக்கெற்றை மணந்திட்டுக் க்ளாஸ் விண்டோவைத் திறந்தவள். வின்ரர்ல. லைக், ஸ்னோ உள்ள வருது."

அதன்பிறகு அந்த வீட்டில் மிளகாய்த்தூள் வறுப்பதில்லையாம். ஊரிலிருந்து வறுத்து இடித்து வருகிறது. என் பெட்டியிலும் மூன்று கிலோ வந்தது. மாடி நடையில் ஒரு தமிழ்க் காலண்டர் முழங்கால் உயரத்தில் தொங்குவதையும் அன்றுதான் கண்டேன். லட்சுமி படத்தைக் குனிந்து கும்பிட வேண்டும். யாராவது இவ்வளவு பதிவாகக் காலண்டர் தொங்கவிடுவார்களா? கேட்க நினைத்தேன், ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாம் நாள் ராணியைக் கொண்டுவந்தோம். மாடி ஏற முடியாது என்பதால் கீழே முன்னறையில், சுவரோரமாகக் கட்டிலைப் போட்டோம். கட்டில் தலைமாட்டுச் சுவரில், நிலத்தோடு ஒட்டி, இன்னொரு கம்பித் துவாரம் இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். இது சூடு தரவில்லை. குளிர்ந்த காற்று புறங்கையைத் தடவிக்கொண்டு உள்ளே போவதுபோல இருந்தது. சத்திரசிகிச்சை செய்த உடம்பு. தலைமாட்டில் காற்று ஓடலாமா? ஒரு தடித்த போர்வையை மடித்துத் துவாரத்தில் அடைத்து, கட்டிலால் நெரித்துவிட்டேன். ராணி, "எங்கட அண்ணைக்குத்தான் உதெல்லாம் கண்ணில படும்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் வீடு குளிரத் தொடங்கியது. சுவரில் இருந்த கருவியை இருபத்திரண்டில் வைத்தோம், அது பதினேழு காட்டியது. ராணியின் உதடு வெளிறியது. நான் பேஸ்மென்றில் ஒரு முக்காலியைப் போட்டு ஃபர்னஸுக்கு முன்னால் குந்தினேன். நெருப்புப் பிடித்தது. ஃபான் சுற்றியது. சற்று நேரத்தில் நெருப்புத் தானாக அணைந்தது, ஃபான் மட்டும் வெறுங்காற்றை ஊதியது. பிறகு திரும்பவும் நெருப்பு. திரும்பவும் அணைவு. மேலே போய்ச் சொன்னேன்.

"மச்சான், அது சாகேல்லை. மூச்சு வாங்குது."

"ஃபர்னஸுக்கு ஆஸ்மா எண்டுறாய்?"

மச்சானைக் குற்றம் சொல்லவில்லை. இரவு முழுக்க ஒரு குளிர்சாதனக் கிட்டங்கியில் பெட்டி தூக்குகிற மனிதர். பகலில் படுத்தால்தான் உண்டு.

ஐந்தாம் நாள் காலை அந்தக் கறுப்பு ஜக்கெற்காரர் வந்தார். இந்தத் தெருவில் எல்லா வீட்டு ஃபர்னஸும் பார்த்து வருகிறோம் என்றார். தெய்வம் அனுப்பிய ஆள் என்று மச்சான் உள்ளே விட்டார். பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். விரல் ஓர் அங்குலத்தில் நின்றது. நான் அந்த அங்குலத்துக்குள் என் கையை வைத்தேன்.

"நோ சைன் டுடே," என்றேன். என்னிடம் இருந்த ஆங்கிலத்தில் பாதி அது.

அந்த மனிதர் என்னைப் பார்க்கவில்லை, அபியைப் பார்த்துச் சொன்னார். அவள் மொழிபெயர்த்தாள். "தகடு வெடிச்ச ஃபர்னஸால விஷவாயு வருமாம் மாமா. மணமே இருக்காதாம். நித்திரையிலயே... அம்மாவுக்கு ஒண்டு நடந்தா இவர் பொறுப்பில்லையாம்."

பயந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, சாரம் ஆடியது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் வான் ஓடிய காலத்தில் ஒன்று படித்திருந்தேன். 'இப்பவே, இப்பவே' என்று அந்தரப்படுத்துகிறவன் விற்கிற டயரில் கட்டாயம் ஒட்டுப் போட்டிருக்கும். கையை எடுக்கவில்லை.

"நாளைக்கு வரச் சொல்லு பிள்ளை. காஸ் பூட்டித்தானே கிடக்கு? பூட்டின காஸ் கொல்லாது."

அவர் போனபிறகு மச்சான் வெடித்தார்.

"நீ ரெண்டு மாதத்தில பிளேன் ஏறிடுவாய். இஞ்ச கிடக்கிறது நாங்கள்! அவளைப் பார், நடுங்குறாள். தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சா ஆர் கட்டுறது? உன்ர பயத்துக்கு என்ர மனிசியோ பலி?"

"பத்து வருசத்துக்கு மாதம் மாதம் கட்ட நீ பயப்பிடேல்லை. ஒரு நாள் பொறுக்கத்தான் பயம். ஆர் மச்சான் பயந்தவன்?"

ராணி மூன்று போர்வைக்குள்ளிருந்து, "ரெண்டு பேரும் கத்துங்கோ. கத்தினா வீடு கொஞ்சம் சுடும்" என்றாள்.

அபி இருபது கொம்பனிக்காவது ஃபோன் போட்டிருப்பாள். கடுங்குளிர், எல்லோரும் ஓடித் திரிகிறார்கள், மூன்று நாள் செல்லும் என்றார்கள். வோபர்னில், மார்க்கம் ரோட்டுப் பக்கம் ஒரு தமிழ் மளிகைக் கடை இருப்பதையும், அதன் வாசலில் அறை வாடகை, வீணை வகுப்பு, ஃபர்னஸ் திருத்தம் என்று அட்டைகள் குத்தியிருந்ததையும் நான் முதல் நாளே கண்டிருந்தேன். நான் போய்ப் பிடித்து வருகிறேன் என்றேன்.

"மாமா, சீரியஸ்லி? உங்களுக்கு பஸ் தெரியாது."

"முப்பது வருசம் வான் ஓடினவனுக்கு பஸ் தெரியாதோ?"

தெரியவில்லை. பஸ்ஸில் யன்னலோரமாக ஒரு மஞ்சள் கயிறு ஓடுகிறது. இறங்குமிடம் வந்தால் அதை இழுக்க வேண்டும். இழுத்து, இடம் பிழைத்து, சாரதி ஏசினால்? யாராவது இழுக்கட்டும் என்று இருந்தேன். ஆட்கள் இறங்கிக்கொண்டே போனார்கள். வீடுகள் முடிந்தன. பிறகு வெறும் பனியும் மரமும். பஸ் நின்றது. தலைப்பாகை கட்டிய சாரதி திரும்பிப் பார்த்து, "கடைசித் தரிப்பு, ஐயா. மிருகம் பார்க்க வந்தீர்களா?" என்று கேட்டார்.

மிருகக்காட்சிசாலை. நான் ஏறியதே எதிர்த்திசை பஸ். வெட்கத்தில், ஓம் அதற்குத்தான் வந்தேன் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகுதான் கையுறை பஸ்ஸிலேயே கிடக்கிறது என்று தெரிந்தது. பஸ் போய்விட்டது.

தரிப்புக் கூண்டில் ஒரு கரீபியன் பெண்மணி பலகை வாங்கில் இருந்தார், ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். வழுக்காமல் இருக்க நான் கூண்டின் இரும்புக் கம்பியைப் பிடித்தேன். அவர் எழுந்து வந்து என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் சொன்னதில் எனக்கு விளங்கிய அளவு இது: "கையை எடு, அந்தக் கம்பி உன்னைத் தின்றுவிடும். இங்கே வந்து பலகையில் இரு."

பலகை குளிராதா என்று சைகையில் கேட்டேன்.

"அதுவும் அதே குளிர்தான், தம்பி. ஆனால் பலகை சோம்பேறி, உன் சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். இரும்பு கையில் இருப்பதை உடனே பறித்துக்கொண்டு ஓடிவிடும். என் முதல் புருஷனைப்போல." சொல்லிவிட்டுக் கூண்டு அதிரச் சிரித்தார்.

மச்சான் சொல்லாத பதில் மிருகக்காட்சிசாலை வாசலில் கிடைத்தது. இரும்பு குளிரைத் தருவதில்லை, நம் சூட்டை எடுக்கிறது. அந்தப் பெண் உள்ளே சமையலறையில் கொரில்லாக்களுக்குப் பழம் வெட்டுகிறவராம். அவற்றுக்கு இருபத்தைந்து பாகை சூடு வைத்திருக்கிறோம் என்றார், தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோல. எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல. கொரில்லாவுக்கு இருபத்தைந்து. நான் புறப்படும்போது என் தங்கைக்குப் பதின்மூன்று. அந்தக் கோபம் அடுத்த பஸ் வரும்வரை என்னைச் சூடாக வைத்திருந்தது. அவர் தன் கையுறை ஒன்றைக் கழற்றி என் வலது கைக்குத் தந்தார். ஆளுக்கு ஒரு கையுறையோடு இருவரும் பஸ்ஸில் இருந்தோம்.

இந்த முறை மஞ்சள் கயிற்றை நானே இழுத்தேன். இரண்டு தரம். கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

மளிகைக் கடையில் அட்டையைக் காட்டிக் காசாளர்ப் பிள்ளையிடம் கேட்டேன். "நஸீர் அண்ணையோ? ஃபோன் எடுக்கமாட்டார். ஆனா நாலு மணிக்கு மட்டன் ரோல்ஸுக்கு வருவார். குளிரோ மழையோ, ரோல்ஸை விடமாட்டார்." கொத்துரொட்டித் தட்டுகளின் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றேன். தோசைக்கல்லின் சூடு எவ்வளவு தூரத்திலிருந்தே முகத்தில் படுகிறது! வீட்டில் ராணி நடுங்க, நான் அந்தச் சூட்டை வாங்குவது களவுபோல இருந்தது. விலகி வாசலோடு நின்றுகொண்டேன்.

நஸீர் வந்தார். பெரிய உடம்பு, மீசையில் பனி. ரோல்ஸைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "அண்ணை, இண்டைக்கு எனக்கு இன்னும் அஞ்சு வீடு கிடக்கு. நாளைக்குப் பாப்பம்."

"தங்கச்சிக்கு முழங்கால் மாத்தி மூண்டு நாள் தம்பி."

"எந்தக் கால்?"

"வலது."

ரோல்ஸை விழுங்கினார். "பொய் சொல்லுற ஆக்கள் ஒருக்கா யோசிச்சுத்தான் காலைச் சொல்லுவினம். ஏறுங்கோ வானில."

வீட்டில் மச்சான் கதவைத் திறந்துவிட்டார். நஸீர் முதலில் சிவப்பு அட்டையைப் பார்த்தார். "இதில ஆளின்ர பேரும் இல்லை, லைசென்ஸ் நம்பரும் இல்லை. கலியாணக் கார்ட்டிலகூட அடிச்ச அச்சகத்தின்ர பேர் கிடக்கும்." தன்னுடைய அட்டையை எடுத்து மச்சான் கையில் கொடுத்தார். பிறகு பெட்டியைத் திறந்து, கண்ணாடியும், பாம்புபோல வளைகிற சின்னக் கமராவும் விட்டு உள்தகட்டை ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார். விஷவாயு அளக்கும் கருவியை வைத்தார். அந்த மனிதர் சொன்னது உண்மையாக இருந்தால், ராணியை இவ்வளவு நேரம் நடுங்க வைத்தது நான்.

"வெடிப்பு ஒண்டும் இல்லை."

மச்சான் மெல்லப் படியில் இருந்துவிட்டார்.

நஸீர் காஸைத் திறந்து மூட்டினார். நெருப்புப் பிடித்தது, ஃபான் சுற்றியது, நெருப்பு அணைந்தது. "மூச்சு வாங்குது," என்றேன் நான், கேட்காமலே.

"அதேதான் அண்ணை! தகடு தன்ர சூட்டைக் காத்துக்குக் குடுக்கோணும். காத்து வந்து வாங்காட்டி, தகடு தானே கிடந்து கொதிக்கும். அப்ப காவலுக்கு இருக்கிற சுவிச் நெருப்பை அணைக்கும். தண்ணி விட்ட சட்டி அடுப்பில நிண்டாக் கருகாதுதானே? வெறுஞ்சட்டி கருகும். இஞ்ச காத்துத்தான் தண்ணி. இந்த வீட்டில காத்து ஃபர்னஸுக்குத் திரும்பி வாற வழி எங்கயோ அடைச்சுக் கிடக்கு." வடிகட்டியை இழுத்தெடுத்தார். மஞ்சள் பூசிய கம்பளம்போல வந்தது. "இது சமையல் அறிக்கை. ஆனா இது மட்டும் இல்லை. அக்காட்ட ஒரு ஊதுபத்தி வாங்கித் தாங்கோ."

ராணி சாமித்தட்டைக் காட்டினாள். நஸீர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றினார். "புகையை எந்தச் சுவர் இழுக்குதெண்டு பாப்பம்." ஒரு சுவரும் இழுக்கவில்லை. புகை எங்கும் நேராக, சோம்பலாக எழும்பியது. கட்டிலின் தலைமாட்டில் குனிந்தார். "இதுக்குப் பின்னால என்ன?"

எனக்கு விளங்கிவிட்டது. ராணி படுத்திருக்க, கட்டிலைத் தூக்கி நகர்த்தினோம். அபி கையை விட்டு என் போர்வையை இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது, பெரிய போர்வை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தங்கச்சிக்குக் காத்துப் படக்கூடாதெண்டு அடைச்சனான்," என்றேன். "நல்லதுக்குத்தான் அடைச்சன். இனி உந்தத் துவாரம் மூச்சு விடுறதெண்டு எனக்குத் தெரியும். முந்தித் தெரியாது. அவ்வளவுதான்." தலையைக் குனிய நான் தயாராக இல்லை.

மச்சானுக்கு முகம் நிறையச் சிரிப்பு வந்தது. "ஆஸ்மாவைக் கண்டுபிடிச்சதும் நீதான், கழுத்தை நெரிச்சதும் நீதான்!"

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் நஸீர். "ஒண்டு அடைச்சா இவ்வளவு மூச்சு முட்டாது. மேல இன்னொண்டு இருக்கோணும்." மச்சானின் சிரிப்பு நின்றது. அவர் யாரையும் பார்க்காமல் மாடிக்கு ஏறினார். நாங்கள் பின்னால் போனோம். முழங்கால் உயரத்தில் தொங்கிய லட்சுமி காலண்டரைக் கழற்றினார். பின்னால் அகலமான கம்பித் துவாரம், விளிம்பிலிருந்து விளிம்புவரை வெள்ளி நிற ரேப்பால் ஒட்டியிருந்தது.

"மணம் மேல சுத்தக்கூடாதெண்டு நான்தான் ஒட்டினனான். ரெண்டு வருசத்துக்கு முந்தி. பிள்ளை அழுதுகொண்டு வந்த அண்டைக்கு."

அபி தகப்பனைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரியாது. நான் ஒன்று நினைத்தேன், சொல்லவில்லை: வகுப்பறையில் எவளோ ஒருத்தி யன்னலைத் திறந்தாள், அதற்காக நாங்கள் எங்கள் வீட்டின் மூச்சை அடைத்தோம்.

கீழே கட்டிலிலிருந்து ராணி கத்தினாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "கிழிச்செறியுங்கோ அதை! என்ர வீட்டில என்ர கறி மணக்காம ஆற்ற கறி மணக்கிறது?"

மச்சானின் கை நகரவில்லை. அபிதான் குந்தி இருந்து நகத்தால் விளிம்பைக் கிளப்பி ஒரே இழுவையாக இழுத்தாள். துணி கிழிகிற சத்தம். நஸீர் ஊதுபத்தியைப் பிடித்தார். புகை ஒருகணம் தயங்கி, பிறகு வளைந்து, கம்பிகளுக்குள் ஓடியது. ஒரு பெரிய மிருகம் நித்திரையில் மூச்சை இழுப்பதுபோல.

நஸீர் சொன்னார்: "உப்பிடியே இன்னும் கொஞ்சக் காலம் விட்டிருந்தா, தகடு கொதிச்சுக் கொதிச்சு உண்மையாவே வெடிச்சிருக்கும். அந்த ஆள் சொன்ன பொய் உண்மையாப் போயிருக்கும்."

புது வடிகட்டி போட்டார். இந்த முறை நெருப்பு அணையவில்லை. நான் பேஸ்மென்றில் தகரக் குழாய்களோடு கையை வைத்துக்கொண்டே நடந்தேன். முதலில் பெட்டிக்குப் பக்கத்துக் குழாய் சுட்டது, பிறகு நடு, பிறகு கடைசி முனை. மேலே வந்தபோது ராணி போர்வைக்கு வெளியே ஒரு காலை நீட்டியிருந்தாள். புதுக் கால்.

"அண்ணை எந்த இடம்?" என்று நஸீர் கருவிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். நெல்லியடி என்றேன். அவர்?

"யாழ்ப்பாணம்தான். ஒன்பது வயதுமட்டும். பிறகு புத்தளம்." ஏன் ஒன்பது வயதுமட்டும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்தைவிட்டு விரட்டியது எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ராணிதான் பேசினாள். "தம்பியைச் சோறு குடுக்காம அனுப்பாதேங்கோ."

"அஞ்சு வீடு கிடக்கு அக்கா. கட்டித் தாங்கோ." விளைமீன் குழம்பும் சோறும் கட்டிக் கொடுத்தோம். அவருடைய கூலியை மச்சான் அங்கேயே எண்ணிக் கொடுத்தார். பேரம் பேசவில்லை.

மறுநாள் காலை கறுப்பு ஜக்கெற்காரர் சொன்னபடி வந்தார். கதவை நான் திறந்தேன். வீட்டின் சூடு என் தோளைத் தாண்டி அவர் முகத்தில் அடித்ததை அவர் கண்ணிலேயே கண்டேன். சிவப்பு அட்டையை அவர் கையில் வைத்தேன்.

"நோ சைன் டுடே. நோ சைன் டுமோறோ."

அவர் முந்தினநாள் பார்த்ததற்கும் அட்டை கட்டியதற்கும் கட்டணம் உண்டு என்றார். நூற்று எண்பத்தொன்பது டொலர். பின்னால் யாரோ வந்து நின்றது தெரிந்தது. மச்சான். நித்திரைக் கண்ணோடு, என் தோளுக்கு மேலால், தெளிவான ஆங்கிலத்தில் அவர் சொன்னதை அபி பிறகு எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

நான் திரும்புவதற்கு முதல்நாள் ராணி ஊன்றுகோலோடு குசினிக்கு வந்தாள். காய்ந்த மிளகாயையும் மல்லியையும் தாச்சியில் கொட்டி வறுக்கச் சொன்னாள். அந்த வீட்டில் இரண்டு வருடத்துக்குப் பிறகு. நெடி எழும்பி, கீழ்த் துவாரத்தால் போய், தகட்டைத் தடவிச் சூடேறி, எல்லா அறையிலும் நிலத்திலிருந்து பூத்தது. மச்சான் மாடியில் தும்மினார். நான் கீழே தும்மினேன். அபியின் ஜக்கெற் கதவடியில் கொழுவியில் தொங்கியது, உறை இல்லாமல். நான் உறையைத் தேடி எடுத்து நீட்டினேன். பயந்தவன்தானே.

"விடுங்கோ மாமா," என்றாள். ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

நான் ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர்களுக்கு அந்தக் கட்டணத்துக்கு மாதமொரு கடிதம் வருகிறதாம். ஒவ்வொன்றிலும் தாமதக் காசு ஏறுகிறது. நஸீரைக் கேட்டார்களாம். கேட்காத வேலைக்குக் காசு கேட்கிறவர்கள் கடிதம்தான் போடுவார்கள், வழக்குப் போடமாட்டார்கள் என்று சொன்னாராம். ஆனாலும் நான் ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில் கேட்கிறேன், அந்தக் கொம்பனிக்காரர் என்ன செய்வார்களோ என்று நித்திரை வருவதில்லை. மச்சான், "கட்டிவிடட்டோ?" என்று என்னைச் சீண்டுவார். கட்டாதே என்பேன். பயத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் கட்டாதே. கடைசிக் கடிதத்தின்படி நாங்கள் இன்னும் கொடுக்கவேண்டியது இருநூற்றுப் பதினான்கு டொலர் அறுபது சதம்.